சர்ஜ் புரொடெக்டருக்கு ‘தடுப்பான்’ சரிதானா?

புயல்காலக் கையேட்டின் வரைவில் சர்ஜ் புரொடெக்டரை (மின்னழுத்தம் திடீரென எகிறும்போது வீட்டுச் சாதனங்களைக் காக்கும் கருவி) ‘மின்னெழுச்சித் தடுப்பான்’ என்று போட்டிருக்கிறோம். ‘தடுப்பான்’ உறுத்துகிறது. அந்தக் கருவி எதையும் தடுப்பதில்லை. உள்ளே இருப்பது நாணயம் போன்ற துத்தநாக ஆக்சைடு வில்லை. 230 வோல்ட் லைனுக்கானது பெரும்பாலும் 275 வோல்ட் தரத்தில் இருக்கும். மேலே ‘431’ என்று அச்சாகியிருக்கும், அதாவது 43-க்குப் பின் ஒரு சுழி, 430 வோல்ட். அழுத்தம் அதற்குக் கீழே இருக்கும்வரை வில்லை சும்மா கிடக்கும். மீறினால் அதன் தடை சட்டென்று சரிந்து, வரும் மின்னோட்டத்தை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் திருப்பிவிடும். மடையைத் திறந்து வெள்ளத்தை வேறு வாய்க்காலில் விடுகிற வேலைதான். ஆகவே ‘எழுச்சி மடைமாற்றி’ என்கிறேன். வாய்க்கால் இல்லாமல் மடை மாற்ற முடியாது என்பதையும் பெயரே சொல்லிவிடும்: எர்த் இல்லாத சாக்கெட்டில் செருகினால் எர்த் வழி அடைபட்டதுதான்.

---

> ஆகவே ‘எழுச்சி மடைமாற்றி’ என்கிறேன்

சொல் அழகு. ஆனால் அதே பக்கத்தில் ஜெனரேட்டருக்கான சேஞ்ச்ஓவர் சுவிட்சும் வருகிறது. ‘மாற்றி’ என்றால் கையால் திருப்ப வேண்டியது என்றே நினைப்பார்கள். ‘காப்பான்’ போதும். (‘காப்பி’ என்று முடித்தால் டம்ளர் தேடுவார்கள்.)

எனக்குக் கவலை பெயரின் முதல் பாதியில்தான். ‘மின்னெழுச்சி’ என்ற ஒரே சொல்லில் இரண்டு ஆபத்துகளைத் திணிக்கிறோம். மின்னலாலும், லைன் அறுந்து மீண்டும் இணைவதாலும் வருவது கண நேரத் துள்ளல். இந்தக் கருவியைச் சோதிக்கச் சோதனைக்கூடத்தில் செலுத்தும் மின்னோட்டமே 8 மைக்ரோநொடியில் உச்சம் தொட்டு, 20-இல் பாதியாகிவிடும். மரம் விழுந்து நியூட்ரல் கம்பி அறுந்தால் கதை வேறு. மும்முனை லைனில் லோடு குறைந்த பேஸில் இருக்கும் வீட்டுக்கு 230-க்குப் பதில் 350, சில சமயம் 400 வோல்ட்கூட வரும், அதுவும் நிமிடக்கணக்கில். 275 வோல்ட் தர வில்லை அதைத் தாங்காது (ஏசி அலையின் உச்சம் 430-ஐத் தாண்டிவிடும்). சூடேறி வெப்ப ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத மலிவுப் பெட்டியில் தீப்பிடிக்கும். அங்கே தேவை, அழுத்தத்தை அளந்து லைனையே துண்டிக்கும் ரிலே. எனவே கண நேரத்துக்கு ‘எழுச்சி’, நீடிப்பதற்கு ‘மிகையழுத்தம்’ என்று பிரிப்போம்.

பிரவுன்அவுட்டுக்கு, அதாவது மின்னழுத்தம் தாழ்ந்து வருவதற்கு, வரைவில் உள்ள ‘மங்கல் மின்சாரம்’ பல்புக்குப் பொருந்தும், ஃப்ரிட்ஜுக்குப் பொருந்தாது. அழுத்தம் தாழ்ந்தால் கம்ப்ரசர் மோட்டார் சுழல முடியாமல் நின்று, பல மடங்கு மின்னோட்டம் இழுத்துச் சுருளைக் கருக்கும். ‘தாழ்வழுத்தம்’ என்றே சொல்லலாம். வானிலையிலும் அந்தச் சொல் உண்டு என்பதால் முதல்முறை வரும் இடத்தில் மட்டும் ‘மின்’ சேர்த்து எழுதுவோம்.

---

மூன்றையும் ஏற்கிறேன். ‘மடைமாற்று’ விளக்கத்தில் வினையாக இருக்கட்டும். பதிவு இப்படி:

எழுச்சிக் காப்பான்: கண நேர எழுச்சியை நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மடைமாற்றும் கருவி. ஒவ்வோர் எழுச்சியிலும் தேயும். காப்பு விளக்கு அணைந்தபின்னும் பெரும்பாலான பெட்டிகளில் சாக்கெட்டில் மின்சாரம் வரும், காப்பு இராது, பெட்டியை மாற்றுக. அருகில் விழும் இடியை இது தாங்காது. புயலுக்கு முன்பே பிளக்கோடு கேபிள் டிவி, லேன் கம்பிகளையும் கழற்றுக.

மிகையழுத்தத் துண்டிப்பான்: அழுத்தம் வரம்பு மீறினால் லைனைத் துண்டிக்கும் ரிலே. மின்சாரம் திரும்பியதும் உடனே இணைக்காத வகையே ஃப்ரிட்ஜுக்கு ஏற்றது. கம்ப்ரசரில் வாயு அழுத்தம் சமனாக 3 முதல் 5 நிமிடம் வேண்டும்.

‘காப்பு விளக்கு’ என்பது இரவு விளக்கு போல ஒலிக்கிறது. ‘காப்புக் குறிவிளக்கு’ என்று மாற்றிவிடுகிறேன்.