புதுப்பிப்பு: அப்பா செய்த பால்சா விமானத்தின் இறக்கை நேராகிவிட்டது

போன மாதம் கேட்டிருந்தேன்: பால்சா என்ற லேசான மரத்தில் அப்பா கையால் செய்த, ரப்பர் பேண்டை முறுக்கிப் பறக்கவிடும் பொம்மை விமானம், குன்னூர் ஈரத்தில் இடது இறக்கை முறுக்கிக்கொண்டது, இறக்கைமேல் ஒட்டிய மெல்லிய டிஷ்யூ தாளெல்லாம் பூஞ்சை, என்ன செய்யலாம் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கை கொடுத்தது கெட்டில் ஆவி யோசனைதான். முதலில் புத்தகங்களை அடுக்கி அழுத்திப் பார்த்தேன். எடுத்த மறுநாளே பழையபடி. அப்புறம் தாளை உரித்து, இறக்கையை ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகவே முறுக்கி, பலகையில் குண்டூசி குத்தி இரண்டு நாள் விட்டேன். நேராகிவிட்டது.

புதுத் தாள் ஒட்டித் தண்ணீர் தெளித்தேன். காய்ந்ததும் மத்தளம் போல விறைத்தது. சறுக்கியது டோப்பில், அதாவது தாளின் மேல் பூசும் பூச்சில். மூடுபனி நாளில் பூசிவிட்டேன். காற்றின் ஈரம் படிந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. வெயில் வந்த நாளில் தின்னரை லேசாகத் தடவியதும் தெளிந்தது. மலையில் இருப்பவர்கள் மழைக்காலத்தில் டோப்பைத் தொடவே வேண்டாம். அடுப்புப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். அதில் இருப்பது எளிதில் தீப்பற்றும் நைட்ரோசெல்லுலோஸ். அப்பா வேலை பார்த்த அருவங்காடு தொழிற்சாலையின் கார்டைட் என்ற துப்பாக்கி வெடிமருந்துக்கும் அதுதான் அடிப்படை!

எதிர்பாராதது ஒன்று. எட்டு வயதில் இந்த இறக்கைமேல் உட்கார்ந்து ஒடித்துவிட்டு, சத்தமில்லாமல் பீரோ மேல் வைத்தவன் நான். அப்பாவுக்குத் தெரியாது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தேன். தாளை உரித்தால், ஒடிந்த இடத்தில் ஊதுபத்திக் குச்சி வைத்து, நூல் சுற்றி, பசை போட்டிருக்கிறார்.

அதைப் பிரிக்கவில்லை. அப்படியே மேலே தாள் ஒட்டிவிட்டேன்.