வாடைக்காலத்தில் சீலா மீன் வாய் கட்டுமா?

கேள்வி (தங்கச்சிமடத்துக்காரன்):

எனக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம். இப்போது கனடாவின் மானிடோபா மாகாணத்தில் வேலை பார்க்கிறேன். இங்குள்ள ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்துவிடும். பனிக்கட்டியில் துளையிட்டு, அதன் வழியே தூண்டில் இறக்கிப் பைக் என்னும் நன்னீர் மீனைப் பிடிப்பார்கள். நீண்ட உடலும் வாத்தின் அலகைப் போலத் தட்டையான வாயும் கூரிய பற்களுமாக அதைப் பார்க்கும்போதெல்லாம், இரண்டும் வேறு வேறு குடும்பம் என்று தெரிந்திருந்தும், நம் கடல்மீன் சீலாவின் (ஆங்கிலத்தில் பாரகுடா) நினைவே வருகிறது.

உடன் வேலை செய்யும் முதியவர் ஒருவர், கோடையில் பைக்கின் பற்கள் உதிர்ந்து ஈறு புண்ணாகிவிடும், அதனால் அது இரை எடுக்காது, பல் முளைத்த பிறகே மறுபடி கடிக்கும் என்றார். அதைக் கேட்டதும், "வாடை விழுந்தால் சீலா வாய் கட்டிவிடும்" என்று சொல்லி, கார்த்திகை பிறந்ததுமே சீலாத் தூண்டிலைச் சுருட்டி எரவாணத்தில் செருகிவிடும் என் தாத்தா கண்முன் வந்து நின்றார். இந்த இரண்டு பேச்சிலும் எவ்வளவு உண்மை இருக்கிறது?

பதில் 1 (பாம்பன் தெற்குவாடி):

தம்பி, உங்கள் தாத்தா சொன்னது வடகடலுக்குச் சரியான பேச்சு. வடகடலான பாக் நீரிணை பெரும்பாலும் ஆறேழு பாக ஆழத்துக்குள் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) அடங்கிய கடல். வாடைக்காற்று நாலு நாள் தொடர்ந்து அடித்தால் அடியில் கிடக்கும் சேறெல்லாம் மேலே எழும்பி, தண்ணீர் சாம்பல் கரைத்ததுபோல் ஆகிவிடும். சீலா கண்ணால் பார்த்துப் பாய்கிற மீன். வெள்ளி மின்னுவதைக் கண்டால்தான் வரும். கலங்கலில் எவ்வளவு நல்ல இரையைக் கட்டி இழுத்தாலும் அது கண்ணில் படாதே.

ஆனால் அதே மார்கழியில் பாலத்துக்குத் தெற்கே வந்து பாருங்கள். வாடையைத் தீவு மறித்துவிடுவதால் தென்கடலான மன்னார் வளைகுடா தெளிந்து கிடக்கும். நாங்கள் வத்தையில் பவளப்பார் ஓரமாகப் போய், தூண்டில் நரம்பின் முனையில் ஒரு முழம் கம்பி கட்டி இழுப்போம். கம்பி இல்லாவிட்டால் சீலா நரம்பை அறுத்துக்கொண்டு போய்விடும். போன தை மாதம் பிடித்த ஒன்றை வீட்டில் அறுத்தபோது, குடலில் ஒரு முரல் மீன் கத்தியால் நறுக்கியதுபோல் இரண்டு துண்டாகக் கிடந்தது, செதில்கூட மங்கவில்லை. வாய் கட்டிய மீனின் வயிற்றில் அது எப்படி வரும்? கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் இதே கதை தலைகீழாகும்: தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கும். ஆகையால் வாய் கட்டுவது மீனல்ல, தண்ணீர்தான் என்பது என் எண்ணம்.

பதில் 2 (மீன்வளம் படித்தவர், மண்டபம்):

அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மண்டபம் பக்கத்தில் டிசம்பர், ஜனவரியில்கூடக் கடல்நீர் ஏறக்குறைய 26 டிகிரி வெப்பத்தில் இருப்பதால், குளிர் நம் சீலாவின் பசியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. பைக்கின் நிலைமை வேறு. பனிக்கட்டியை ஒட்டிய நீர் ஏறத்தாழ 0 டிகிரியிலும், ஆழத்து நீர் 4 டிகிரிக்குள்ளும் இருக்கும். மீனின் உடல் அந்தக் குளிரையே தானும் ஏற்றுக்கொள்வதால், ஒருமுறை விழுங்கிய இரை செரிக்கவே பல நாட்கள் பிடிக்கும். எனவே அது அலைந்து துரத்தாமல், அருகில் வருவதை மட்டும் எடுக்கும். செத்த மீனையும் எடுக்கும் என்பதால்தான் அங்கே செத்த மீனைக் கோத்து அசையாமல் தொங்கவிடுகிறார்கள். அப்படியும் அது பட்டினி கிடப்பதில்லை, ஏனென்றால் பனி உருகியவுடன் முட்டையிட வேண்டிய பெண் மீனுக்குச் சினை வளர்வது இந்தக் குளிர்காலத்தில்தான்.

பல் உதிரும் கதை தவறு. பைக்கின் பற்கள் ஆண்டு முழுவதும் ஒவ்வொன்றாக விழுந்து முளைத்துக்கொண்டே இருக்கின்றன. ஒரு பருவத்தில் மொத்தமாக உதிர்வதில்லை. கோடையில் மேல்நீர் சூடாவதால் பெரிய மீன்கள் குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும். கரையோரத்தில் தூண்டில் போடுகிறவருக்கு மீன் கடிக்கவில்லை என்று தோன்றுவதில் வியப்பில்லை. யாரோ ஒருவர் அப்போது பிடித்த மீனில் புதுப்பல் முளைத்த இடத்தைப் பார்த்து இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கலாம்.

பதில் 3 (கீழக்கரை):

"வாய் கட்டு" என்ற சொல்லே நம் கரையில் பழையது. முத்துக்குளித்த காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். அவர் மந்திரம் ஓதிச் சுறாக்களின் வாயைக் கட்டிய பிறகே குளியாட்கள் தண்ணீரில் இறங்குவார்கள். வெள்ளைக்காரர் ஆட்சியிலும் அவருக்குக் கூலி கொடுத்தார்கள், கொடுக்காவிட்டால் ஆட்கள் இறங்கமாட்டார்கள் என்பதால். மீன் கடிக்காத நாளைச் சொல்ல உங்கள் தாத்தாவின் வாயில் அந்தச் சொல் வந்தது இயல்புதான். அதை மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். எந்த மாதத்தில் எந்தக் கடலில் எண்ணெய்ச் செலவு வீண் என்பதை அந்த ஒரு சொல்லில் பேரப்பிள்ளைக்குச் சொல்லிவிட்டார்.

கேட்டவர்:

மூவருக்கும் மிக்க நன்றி. தாத்தா கடைசிவரை வடகடலில் மட்டுமே தொழில் செய்தவர். அது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. அண்ணன் முரலைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நேற்றுப் பிடித்த பைக் ஒன்றை நானும் அறுத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சிறிய மீன் துண்டாகாமல் முழுதாக, தலை முன்னே போகும்படி விழுங்கப்பட்டிருந்தது. தலை கரைந்து எலும்பு தெரிந்தது, வால் மட்டும் அப்படியே பளபளத்தது. படம் எடுத்து வைத்திருக்கிறேன்; இன்று மாலை அந்த முதியவரிடம் காட்டப்போகிறேன்.