ஆஃப் நோட்டில் சிவப்புக் கோடு: ஆஸ்பத்திரி வேலையை விட்ட, விடாத சிஸ்டர்கள் பகிரவும்

வேலந்தாவளம்காரி

வேலையை ஏன் விட்டோம், ஏன் விடவில்லை என்று இங்கே எல்லோரும் சம்பளக் கதை எழுதியாச்சு. நான் ஒரு நோட்டைப் பற்றி எழுதுகிறேன்.

பாலக்காடு பக்கம் தனியார் ஆஸ்பத்திரி, மெடிக்கல் வார்டு, மூன்று வருஷம். நோட்டீஸ் பீரியடில் கடைசி நைட். 31 பேஷண்ட், நாங்கள் இரண்டு பேர். கூட இருந்தவள் ஒருவரை சிடி ஸ்கேனுக்குக் கூட்டிப் போய்விட்டாள். இரண்டு மணி மருந்தை முடித்துவிட்டு ஸ்டேஷனில் உட்கார்ந்தால், ஆஃப் ரிக்வெஸ்ட் நோட்டு, அதாவது லீவு நாள் கேட்டு நாங்கள் எழுதுகிற நோட்டு, கையில் பட்டது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் என்று நான் மூன்று தடவை எழுதி, மூன்று தடவையும் சிவப்புப் பேனாவில் அடிபட்ட நோட்டு. நான் வேலையை விட்டதே அதனால்தான். போகிற அன்றைக்கு லீவு கொடுக்கிற வார்டுப் பொறுப்பு நர்ஸ், இன்-சார்ஜ் சேச்சியை நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் படி இறங்குவது என்று மனசுக்குள் ஒத்திகை எல்லாம் பார்த்து வைத்திருந்தேன்.

சும்மா பின்னோக்கிப் புரட்டினேன். தங்கச்சி கல்யாணம், கோடு. வெளிநாட்டு வேலைக்கான ஓஇடி ஆங்கிலப் பரீட்சை, கோடு. சித்தூர் கொங்கன்படைத் திருவிழா, கோடு. எழுதியவர்களில் பாதிப் பேர் இப்போது மஸ்கட்டிலும் டப்ளினிலும் இருக்கிறார்கள். அப்புறம் ஒரு பக்கத்தில் இன்-சார்ஜ் சேச்சியின் பேர். 'மகளை காலேஜில் சேர்க்க, ஒரு நாள்.' அதன் மேலும் அதே சிவப்பு மை. அவரே எழுதி, அவரே அடித்திருக்கிறார்.

காலையில் டியூட்டியை ஒப்படைத்து ஓவர் கொடுக்கும்போது ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. பதினேழாம் பெட்டுக்கு கேனுலா மாற்றணும் சேச்சி என்றேன். அவ்வளவுதான்.

கொழிஞ்சாம்பாறை பிரதர்

நோட்டு கதை சரி. அதற்காக சம்பளத்தை ஓரங்கட்டாதீங்க சிஸ்டர். உங்களுக்கு 20,000 கிடைத்திருக்கும், அதனால் ஆஃப் பெரிதாகத் தெரிகிறது. 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு போட்ட குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட 20,000-க்குக் குறையக் கூடாது என்றது. யார் கொடுத்தார்கள்? 2017-ல் கேரளம் முழுக்க நர்ஸ்கள் தெருவில் உட்கார்ந்த பிறகுதான் 2018 ஏப்ரலில் குறைந்தபட்சச் சம்பள அறிவிக்கை வந்தது. அதற்கு முன் நான் வாங்கியது 8,500. அதிலும் மெஸ்ஸுக்குப் பிடித்தம்.

இத்தனை வருஷம் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுத்த பாண்ட் முடிய எட்டு மாசம் இருக்கும்போது வெளியே வந்தேன். ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் அவர்கள் பீரோவில். 50,000 கட்டினால்தான் தருவோம் என்றார்கள். நிலக்கடலை விற்ற காசை அப்பா மஞ்சப்பையில் கொண்டுவந்தார். விரலில் எச்சில் தொட்டு, மேசை மேல் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தார். கிளார்க் வாங்கி, எங்கள் முன்னாலேயே மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அப்பா கைகட்டி நின்றுகொண்டிருந்தார். பணம் போனதுகூடப் போகட்டும். அந்த இரண்டாவது எண்ணல்தான் இன்னும் தூக்கத்தில் வருகிறது.

கோபாலபுரம் செக்போஸ்ட்

நான் அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்காரி. 2015-ல் அரசு ஆரம்ப சுகாதார நிலையம், தொகுப்பூதியம் 7,700. இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்றார்கள். ஊரில் எல்லோருக்கும் நான் கவர்மென்ட் சிஸ்டர். மாமியார் என் முன்னாலேயே, எங்க மருமக 40,000 வாங்குறா என்று பக்கத்து வீட்டில் சொன்னார். நான் மறுக்கவில்லை. ஏன் மறுக்கவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற மேட்ரன்

பிள்ளைகளே, முப்பது வருஷம் டியூட்டி லிஸ்ட் போட்டவள் சொல்கிறேன். அந்த இன்-சார்ஜைத் திட்டாதீர்கள் (யாரும் திட்டவில்லை, தெரியும்). இந்திய நர்ஸிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் ஐந்து பேஷண்டுக்கு ஒரு நர்ஸ். அதற்கு மேல் லீவுக்கு என்றே 30 சதவீதம் கூடுதலாக ஆள் வேண்டும். அந்த 30 எந்த முதலாளி கண்ணிலும் படாது. பத்துப் பேர் வேண்டிய இடத்தில் ஆறு பேரை வைத்துக்கொண்டு லிஸ்ட் போட்டால் கையில் சிவப்புப் பேனாதான் மிஞ்சும்.

அடுத்தது, ஒரிஜினலை எங்கும் கொடுக்காதீர்கள். காட்டுங்கள், ஜெராக்ஸ் கொடுங்கள், திரும்ப வாங்குங்கள். கோயமுத்தூரில் படித்துவிட்டு வாளையார் தாண்டி வேலைக்கு வருகிறவர்கள் கேரள நர்ஸிங் கவுன்சிலில் பதிவு பண்ணாமல் நாள் கடத்தாதீர்கள். பின்னால் அனுபவச் சான்றிதழ் செல்லாமல் போகும். சவுதி, குவைத் என்று ஏஜென்ட் யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் நடையைக் கட்டுங்கள். 2015 முதல் அந்த மாதிரி நாடுகளுக்கு நர்ஸ்களை அனுப்ப வேண்டியது அரசு நிறுவனங்கள்தான். இங்கே கேரள அரசின் நோர்க்கா, ஒடெபெக். தமிழ்நாட்டில் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். ஜெர்மனிக்கென்றால் ஜெர்மன் மொழியை பி1, பி2 நிலை வரை படிக்க வேண்டும். நைட் டியூட்டி பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

என் அனுபவமா? ஒரு பெண் ராஜினாமா கடிதம் நீட்டினாள். நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்த மாசத்தில் மட்டும் அது பதினோராவது கடிதம்.

கொழிஞ்சாம்பாறை பிரதர்

மேடம், ஒரிஜினல் கொடுக்காவிட்டால் வேலை கிடையாது என்று சொன்னதே உங்களை மாதிரி மேட்ரன் ஆபீஸ்தான். மரியாதையாகவே சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற மேட்ரன்

என் ஆபீஸிலும் ஒரு பீரோ இருந்தது தம்பி.

கோபாலபுரம் செக்போஸ்ட்

சண்டையை விடுங்க. வேலந்தாவளம் அக்கா, அம்மா ஆபரேஷன் கடைசியில் என்ன ஆச்சு? ஆஃப் கிடைச்சுதா?

வேலந்தாவளம்காரி

இல்லைம்மா. தம்பிதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப் போனான். கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு எனக்கு டபுள் டியூட்டி. மருந்து டிராலிக்குப் பக்கத்தில் நின்று வீடியோ காலில் பார்த்தேன். அம்மா கொஞ்ச நேரம் போனையே உற்றுப் பார்த்துவிட்டு, 'உன் பின்னாடி யாரு சாமி, பெரிய சிஸ்டரா? ரொம்ப மெலிஞ்சிருக்கு, சாப்பிடச் சொல்லு' என்றாள்.

இன்-சார்ஜ் சேச்சி தலையைத் தூக்கி, அம்மா என்ன சொல்கிறார் என்று மலையாளத்தில் கேட்டார். கண் நன்றாகத் தெரிகிறதாம் என்றேன்.