செம்பருந்து பாயும் பாதை: தண்ணீருக்கு மேல் ஒட்டுப்போட்டது போல் தெரிகிறது

வணக்கம். பழவேற்காடு ஏரியில் செம்பருந்து மீனைத் தூக்கும் 14 படங்களை ஒரே படமாகச் சேர்க்கிறேன். வானத்தில் அருமையாக வருகிறது, தண்ணீருக்கு மேல் வந்ததும் கெட்டுவிடுகிறது.

நிக்கான் டி7500, வினாடிக்கு 8 படம், முக்காலி, 135 மி.மீ., 1/2000, எஃப்/8, ஐஎஸ்ஓ 640. எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டும் மேனுவல். காலை 8.30, லேசான காற்று.

போட்டோஷாப்பில் லேயர்களாக அடுக்கி 'டார்க்கன்' (ஒவ்வொரு புள்ளியிலும் இருப்பதில் கருத்ததை மட்டும் காட்டும் கலப்பு முறை) வைத்தேன். வானம் வெளிச்சம் என்பதால் அங்கே சரி. தண்ணீரிலோ 14 படங்களின் கருத்த அலைகளும் சேர்ந்து திட்டாகிவிடுகின்றன, பருந்தின் வெள்ளைத் தலையும் மறைகிறது. 'டிஃபரன்ஸ்' (இரு படங்களின் வேறுபாட்டை மட்டும் காட்டும் முறை) வைத்து மாஸ்க் (லேயரில் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று வரையறுக்கும் மறைப்பு) எடுத்தால் அலையும் கூடவே வருகிறது. 'மீடியன்' (ஒவ்வொரு புள்ளிக்கும் எல்லாப் படங்களின் நடு மதிப்பை எடுப்பது) போட்டால் பருந்தில்லாத பின்னணி கிடைக்கிறது, ஆனால் அலை மழுங்கிப்போகிறது. மேலே வைக்கும் ஒவ்வொரு பருந்தைச் சுற்றியும் கூர்மையான அலை வளையம். ஒரே படத்தைப் பின்னணியாக வைத்தும் பொருந்தவில்லை. ஆட்டோ அலைன் (படங்களைத் தானாக ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும் வசதி) அலைகளைப் பிடித்துக்கொண்டு படத்தையே சாய்க்கிறது, அதை விட்டுவிட்டேன்.

இறகை ஒட்டி வெட்டினால் வளையம் போகும். நீர்த்தெறிப்பும் நிழலும் சேர்ந்தே போய்விடும். அவை இல்லாமல் அந்தப் பாய்ச்சலுக்கு உயிரே இல்லை.

தெறிப்பையும் நிழலையும் இழக்காமல், பருந்தைச் சுற்றியுள்ள அலையைப் பின்னணி அலையோடு கலக்க மாஸ்க்கை எப்படிப் போட வேண்டும்?