இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி (கடலூர் முதுநகர்):
அம்மாவுக்கு 71 வயது. துணி காயப்போட மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. ஹீமோகுளோபின் 8.4, ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் அளவு) 9. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். சித்தப்பாவோ ஒரு வாட்ஸ்அப் வீடியோவைக் காட்டி, இரும்பு ‘ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ (செல்களை அரிக்கும் ரசாயனத் தாக்குதல்) உண்டாக்கும், வயதானவர்களுக்கு ஆகாது என்கிறார். அம்மாவுக்கு வயிற்றெரிச்சல் வேறு. என்ன செய்ய?

பதில் (திருப்பாதிரிப்புலியூர், ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன்):
நிறுத்த வேண்டாம், தம்பி. சித்தப்பா சொல்வதில் பாதி உண்மை. எதிலும் ஒட்டாமல் திரியும் இரும்பு, உடம்பிலேயே உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் செல்லை அரிக்கும் ரேடிக்கல்கள் உண்டாகும். அதனால்தான் உடம்பு இரும்பை ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின், செல்லுக்குள் ஃபெரிட்டின் என்ற புரதங்களில் பிடித்து வைக்கிறது. ஃபெரிட்டின் 9 என்றால் கையிருப்பே இல்லை என்று அர்த்தம். இரும்பு குறைந்தாலும் அதே தொல்லைதான். பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் என்சைமுக்கே இரும்பு தேவை. இந்த மாதிரி ரத்தத்தை ஸ்லைடில் நிறையப் பார்த்திருக்கிறேன்: சிவப்பணு நடுவில் வெளுத்து, ஓரம் மட்டும் மெல்லிய வளையமாக நிற்கும், இடையிடையே பென்சில் போல நீண்டவையும் இருக்கும். சாதாரணமாக 120 நாள் வாழும் அணு, இந்த நிலையில் சீக்கிரமே அழிந்துவிடும்.

எரிச்சலுக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு வேளை போட்டதும், இரும்பு உறிஞ்சுவதைக் கட்டுப்படுத்தும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, மறுநாள் இரும்பு உள்ளே போவதைக் குறைக்கிறது. உறிஞ்சாத இரும்பு குடலில் தங்கித் தொந்தரவு செய்யும்.

எனக்குக் கவலை வேறு. இந்த வயதில் மாதவிலக்கு இல்லை, அப்புறம் இரும்பு எங்கே போகிறது? குடலில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசியலாம். வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசியவைக்கக்கூடிய மூட்டுவலி மாத்திரை, ஆஸ்பிரின் ஏதாவது சாப்பிடுகிறாரா? மாத்திரை தொடங்கும் முன்பே மலம் தார் போலப் போனதா? (தொடங்கிய பிறகு கறுப்பாகப் போவது சகஜம்.) புண்ணா, கட்டியா என்று எண்டோஸ்கோபி, கொலனோஸ்கோபி (இரைப்பையையும் பெருங்குடலையும் கேமராக் குழாயால் பார்ப்பது) செய்தால்தான் தெரியும். தள்ளிப்போடாதீர்கள்.

பதில் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):
என் மாமியார் மாத்திரையை டீயோடுதான் விழுங்குவார். டீ இரும்பை உறிஞ்ச விடாது என்று டாக்டர் சொன்னதும் எலுமிச்சைச் சாறுக்கு மாற்றினோம். கால்சியம் மாத்திரையும் அதே நேரத்தில் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
ஐயா, இப்போதுதான் அம்மாவிடம் கேட்டேன். முட்டிவலிக்கு மெடிக்கலில் தானே வாங்கி, தீபாவளியிலிருந்து தினமும் போட்டிருக்கிறார். அந்த அட்டையையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு நாளைக் காலையிலேயே டாக்டரிடம் போகிறோம்.