புதுப்பிப்பு: மாடி ஷீட் கூரை ட்ரஸ் தொய்வு, சீலிங் விரிசல் (காரணம் தெரிந்தது)

மாடியில் போட்ட 9 மீட்டர் இரும்பு ட்ரஸ் (குழாய்களை முக்கோணங்களாக இணைத்த கூரைத் தாங்கி) தொய்வதால்தான் ஜிப்சம் சீலிங் விரிகிறதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ட்ரஸின் அடியில் ஓடும் குழாயின் (அடிக்குழாய்) இரு முனைக்கும் நைலான் நூலை இழுத்துக் கட்டி அளக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. நடுவில் தொய்வு 11 மி.மீ. விரிசல் விடும் பூச்சு உள்ள கூரைக்கு ஐஎஸ் 800:2007 (எஃகுக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி) பயன்பாட்டுச் சுமைக்கு (சொந்த எடை தவிர்த்து மேலே வரும் சுமை) மட்டுமே நீளத்தில் 360-ல் ஒரு பங்கு, அதாவது 25 மி.மீ. அனுமதிக்கிறது. இங்கே சொந்த எடையும் சேர்த்தே 11தான். ட்ரஸ் நன்றாகவே இருக்கிறது.

எதிர்பாராதது பர்லின், அதாவது ட்ரஸ்களுக்குக் குறுக்கே ஓடி ஷீட்டைத் தாங்கும் சட்டம். சீலிங் கம்பிகளை அதில்தான் தொங்கவிட்டிருந்தார்கள். தகர ஷீட் என்றால் பர்லினுக்கு 150-ல் ஒரு பங்கு வரை விடலாம். 4 மீட்டருக்குச் சுமார் 27 மி.மீ. ஷீட் அதைத் தாங்கும், ஜிப்சம் தாங்காது. காற்றடிக்கும்போது ஜாயின்ட் லேசாகத் திறந்து மூடுவதைக் கீழே நின்றே பார்க்க முடிந்தது.

அப்புறம், ட்ரஸ்களின் அடிக்குழாய்களுக்கு இடையே, குழாய்கள் கூடும் இடங்களில் தனிச் சட்டம் வெல்டு செய்து சீலிங்கை அதற்கு மாற்றினோம். மறுபடி நூல் கட்டியதில் ட்ரஸின் தொய்வு 12 மி.மீ. ஆடிக் காற்றும் அடித்து ஓய்ந்துவிட்டது. புது விரிசல் இல்லை.