உப்பள வரப்பில் சிவப்பு, தோப்போரம் பச்சை: ரெண்டும் வேற இனமா?

உப்பங்கழி:
வாலிநோக்கம் பக்கம் உப்பளப் பாத்தி வரப்பில் படரும் செசுவியம் போர்ட்டுலகாஸ்ட்ரம் என்ற கடற்கரைச் சதைச்செடி, தண்டு சிவந்து, இலை குட்டையாகத் தடித்து நிற்கிறது. அரைக் கிலோமீட்டர் உள்ளே தென்னந்தோப்பு ஓரத்தில் அதே செடி பச்சையாக, இலை நீண்டு, கணு இடைவெளி கூடி ஓடுகிறது. பூ ரெண்டிலும் ஒரே ரோஸ் நட்சத்திரம். புது இனமாகப் பிரிகிறதா? வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

மணல்மேடு:
நிறத்தை வைத்து முடிவு கட்டாதீங்க. அந்தச் சிவப்பு பீட்டாலெயின், பீட்ரூட்டில் இருக்கிற வகை நிறமிதான். உப்பும் வெயிலும் ஏறினால் கூடும். உப்பு நிலத்து உமரிச்செடி சிவப்பதும் அப்படித்தான்.

சோதிக்க: ஒவ்வொரு இடத்திலும் பத்துச் செடி, ஒன்றுக்கொன்று அஞ்சு மீட்டராவது தள்ளி எடுங்க. கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுவதால், பக்கத்துப் பக்கத்தில் எடுத்தால் ஒரே செடியையே பத்து தடவை நட்டதாகிவிடும். 10 செ.மீ. நுனித்தண்டு, கழுவிய மணல் மூணு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, நல்ல தண்ணீர். அந்தத் தண்டு தாய்மண்ணின் உப்பைச் சுமந்து வரும். அதில் அளவெடுத்தால் ஏமாறுவீங்க. புதிதாக வளர்ந்ததிலிருந்து மறுபடி தண்டு வெட்டி நட்டு, அதில்தான் கணக்கு.

பாதித் தொட்டிக்கு நல்ல தண்ணீர், பாதிக்கு லிட்டருக்கு 12 கிராம் உப்பு. எடுத்த எடுப்பில் 12 வேண்டாம். 4, 8, 12 என்று மூணு நாளுக்கொரு தரம் ஏற்றுங்க. தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு மட்டும் தொட்டியில் தங்கும். அதனால் வாரம் ஒருமுறை அதே கரைசலை அடியில் வடியும்வரை ஊற்றணும். வெயில் ஒரே மாதிரி பட, தொட்டிகளை இடம் மாற்றி வையுங்க. நல்ல தண்ணீரில் ரெண்டும் ஒரே மாதிரி வந்தால், வித்தியாசம் மண்ணுடையது.

கள்ளிமுளையான்:
இந்தச் செடி இனமாகப் பிரிவது கஷ்டம். ஒடிந்த தண்டு கடலில் மிதந்து போய் இன்னொரு கரையில் வேர்விடும். வெப்பமண்டலக் கடற்கரை முழுக்க இருப்பது அதனால்தான். அரைக் கிலோமீட்டர் தேனீக்கு ஒரு தூரமா?

இதே குடும்பத்தில் தென்னாப்பிரிக்காவின் சதைப்பற்றான ஐஸ் செடிகளைப் பாருங்க. சுமார் 1,500 இனம். பெரும்பகுதி கடந்த 90 லட்சம் ஆண்டுக்குள் பிரிந்தவை. அவற்றின் காய் நனைந்தால் திறக்கும், காய்ந்தால் மூடும். மழைத்துளி தெறிக்கும் விதை பெரும்பாலும் தாய்ச்செடியைச் சுற்றியே விழுகிறது. வெள்ளைக் கூழாங்கல் திட்டு ஒன்றில் இருப்பது அடுத்த திட்டுக்குப் போகாது. அவற்றில் ஆர்கைரோடெர்மா என்ற பேரினத்தில் பூக்கும் காலமும் விலகியிருக்கிறது.

மணல்மேடு:
தூரம் மட்டும் போதாது, அண்ணே. பிரிட்டனில் சுரங்கக் கழிவு மேட்டுப் புல், பக்கத்து வயல் புல்லோடு மகரந்தம் கலந்தும் உலோக நச்சைத் தாங்கும் குணத்தை விடவில்லை. இயற்கைத் தேர்வு கடுமையாக இருந்தால், அதாவது அந்த மண்ணைத் தாங்காதது பிழைக்காவிட்டால், சில மீட்டரிலேயே வித்தியாசம் நிற்கும்.

உப்பங்கழி:
ரெண்டாம் சுற்றிலும் வித்தியாசம் நின்றால்?

கள்ளிமுளையான்:
பரம்பரைக் குணம் என்று ஆகும். தனி இனம் என்று ஆகாது. கலப்பு செய்து பாருங்க. விரியாத மொட்டில் மகரந்தத்தாள்களை இடுக்கியால் நீக்கி, மெல்லிய துணிப்பை கட்டி, பூத்ததும் மற்றதன் மகரந்தத்தைத் தடவுங்க. இன்னும் சில மொட்டுகளில் தாள் நீக்கி, பை கட்டி, மகரந்தம் தடவாமல் விடுங்க. அதில் விதை பிடித்தால் உங்கள் கை வேலையில் ஓட்டை. காய் மூடிபோல் கழன்று கருப்பு விதையைக் கொட்டிவிடும், பையை முன்கூட்டி அவிழ்க்காதீங்க. முளைத்த கலப்புச் செடியும் விதை வைக்கிறதா என்று பார்த்த பிறகு பேசலாம்.